பொன்முடியில் பாளை சறுக்கிய ஞாயிறு

எனக்கு ஓரிடத்தில் சும்மா உட்கார வராது. அலுவலகத்தில் மேஜைக்கடியில் கால் ஆடிக்கொண்டே இருக்கும். எதிரே இருப்பவன் எழுதுகிற எழுத்து கோணிப்போகும். அதற்காக வாங்கிய திட்டு கொஞ்சமில்லை. ஐம்பத்தாறாம் வருஷம் ஐப்பசியில் கால் மட்டுமல்ல, மனசும் ஒரு நிமிஷம் நிலைகொள்ளவில்லை.

நாகர்கோவிலைச் சுற்றிய தெற்குத் தாலுகாக்கள் மதராஸ் ராஜ்யத்தோடு சேர்கின்றன என்று முடிவாகிவிட்டது. எங்கள் அலுவலகத்துத் தமிழ்க் குமாஸ்தாக்கள் திருவனந்தபுரத்திலேயே இருக்கிறோமா, மதராஸ் சர்க்கார் வேலைக்குப் போகிறோமா என்று எழுதிக் கொடுக்க வேண்டும். திங்கட்கிழமை கடைசி நாள். எனக்கு அதில் யோசிக்க ஒன்றுமில்லை. அப்பாவுக்குச் சாலைக் கடைத்தெருவில் பலசரக்குக் கடை, வீடும் அதன் பின்னால்தான். நான் எங்கே போக? என் தூக்கத்தைக் கெடுத்தவன் என் நண்பன்.

அவன் நாகர்கோவில்காரன். தம்பானூரில் ஒரு லாட்ஜில் தங்கியிருந்தான். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு எங்கள் வீட்டில். அவனுக்கும் என் தங்கைக்கும் ஜாதகம் பொருந்தி, தை மாதம் கல்யாணம் என்று பேசி வைத்திருந்தோம். ஜாதகத்துக்கு முன்னாலேயே மற்றதெல்லாம் பொருந்திவிட்டது என்பது எனக்குத் தெரியும். அவன் இலையில் குழம்பு ஊற்றும்போது தங்கையின் கை அத்தனை நிதானமாக இருக்கும். எனக்கு ஊற்றினால் இலையைத் தாண்டித் தரைக்கு ஓடும்.

இந்த நேரம் பார்த்துத்தான் ராஜ்யத்தைப் பிரிக்கிறார்கள். போகிறேன் என்று எழுதிக் கொடுப்பவர்களை முதலில் மெட்ராஸ் பட்டணத்தில்தான் போடுவார்கள் என்று பேச்சு. அப்பா ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார்.

"ஆரல்வாய்மொழி தாண்டிப் பொண்ணு குடுக்குத வழக்கம் நமக்குக் கிடையாது."

எங்கள் பூர்வீகமான நாஞ்சில் நாட்டின் கிழக்கு வாசல் அந்தக் கணவாய். அதற்கு அப்பால் மகளைக் கட்டிக் கொடுத்தால் நல்லது கெட்டதுக்கு யார் போவது, யார் வருவது என்பது எங்கள் ஆட்களின் கவலை. ஆக, அவன் இங்கே இருந்தால் கல்யாணம் உண்டு. மெட்ராஸ் போனால் இல்லை. அவனோ வாயைத் திறக்கவில்லை.

இந்தக் குழப்பத்தின் நடுவில்தான் நாங்கள் நாலு பேர் பொன்முடி மலைக்குப் போனோம். யோசனை எங்கள் செக்ஷனிலேயே இருந்த கோட்டைக்குள்ளிருக்கும் அக்ரகாரத்து நண்பனுடையது. லைப்ரரியில் ஏதோ இங்கிலீஷ் பத்திரிகையில், வெள்ளைக்காரர்கள் காலில் பலகையைக் கட்டிக்கொண்டு புதுப் பனியில் மலைச் சரிவில் சறுக்குகிற படத்தைப் பார்த்துவிட்டு வந்து மூன்று நாள் அதையே பேசினான். நெடுமங்காட்டிலிருந்து வேலைக்கு வரும் மலையாளி நண்பன் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், "பனிக்கு எவிடெ போகும் அளியா? புல்லுண்டு, பாளையுண்டு, அது மதி" என்றான். புல்லும் பாளையும் போதுமாம். கமுகு மரத்திலிருந்து ஓலையோடு கழன்று விழுகிற அகலமான மட்டைதான் பாளை. அதில் ஒருவனை உட்காரவைத்து இன்னொருவன் ஓலையைப் பிடித்து இழுத்து ஓடாத பிள்ளை எங்கள் பக்கத்தில் கிடையாது. மலையில் இழுக்க ஆள் வேண்டாம், சரிவே இழுத்துக்கொள்ளும்.

ஞாயிறு காலையில் தங்கை புளிச்சோற்றைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தாள். கொடுத்துவிட்டுப் பொட்டலத்தை விடவில்லை.

"அண்ணே, அவங்க என்ன முடிவு பண்ணியிருக்காங்கன்னு கேட்டுட்டு வா. எனக்கு இருப்புக் கொள்ளல."

"கேக்காம வரமாட்டேன்" என்றேன்.

ஆனால் பஸ்ஸில் ஏறியதுமே மலையாளி நண்பன் ஒரு சட்டம் போட்டான். போவதா இருப்பதா என்ற பேச்சை இன்றைக்கு எடுக்கக் கூடாது. எடுத்தவன் எல்லாருடைய பாளையையும் மேலே சுமக்க வேண்டும். "ஆ வர்த்தமானம் கேட்டுக் கேட்டு எனிக்கு மடுத்து" என்றான், அலுத்துவிட்டதாம். அவனுக்கென்ன, எழுதிக் கொடுக்க வேண்டியவர்கள் நாங்கள். என் நண்பன் மட்டும் இந்தச் சட்டத்துக்குச் சந்தோஷமாகத் தலையாட்டினான். அவன் தலையில் ஒரு குட்டு வைக்கலாம் போலிருந்தது.

நெடுமங்காட்டில் இறங்கி, மலையாளி நண்பன் வீட்டுத் தோப்பில் இரவு மழைக்கு விழுந்த பாளைகளைப் பொறுக்கினோம். ஈரப் பாளைதான் வழுக்கும். காய்ந்தது பாதி வழியில் பிளந்துவிடும். விதுரை வரை இன்னொரு பஸ், அதற்கு மேல் தேயிலை எஸ்டேட் லாரி. வழி நெடுக மூவரும் பாட்டும் கிண்டலுமாக வந்தார்கள். நான் முள் மேல் இருப்பது போல இருந்தேன்.

உச்சியில் மரமே இல்லை. மழைக்குப் பிறகு தழைத்த புதுப்புல் சரிவு முழுவதும் கிடந்தது, யாரும் மிதிக்காமல். மஞ்சு வந்து மூடும்; பக்கத்தில் நிற்பவனே தெரியமாட்டான். மறு நிமிஷம் விலகி, கீழே பள்ளத்தாக்கு முழுவதும் காட்டிவிட்டு மறுபடி மூடும். அக்ரகாரத்து நண்பன் முதலில் போனான். ஓலைக் காம்பைப் பிடித்துக்கொண்டு, குதிகாலைத் தரையில் ஊன்றித்தான் வேகத்தைக் குறைக்க வேண்டும்; அவன் பயத்தில் காலைத் தூக்கிவிட்டான். புல்லில் விர்ரென்று போய், கீழே ஒரு புதரில் கிடந்து, "நேக்கு இடுப்பு போச்சுடா" என்று கத்தினான். பிறகு அவனேதான் எல்லாருக்கும் முன்னால் மேலே ஏறி வந்து இரண்டாம் தடவை போனான்.

எனக்கு ஒன்றிலும் மனம் ஒட்டவில்லை. சறுக்கினேன், ஏறினேன், நண்பன் முகத்தைப் பார்த்தேன். தனியாகச் சிக்குவான் என்று பார்த்தால் சிக்கவில்லை. கடைசியில் ஒரு பெரிய பாளையில் அவன் உட்கார்ந்ததும் நானும் பின்னால் ஏறி அவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். காதோடு கேட்டால் மற்ற இருவருக்கும் கேட்காது என்று கணக்கு.

பாளை கிளம்பியது. காற்று காதை அடைத்தது. "போறியா, இருக்கியாடே?" என்றேன். கேட்கவில்லை போலிருக்கிறது. பாதிச் சரிவில், மலையே அதிரும்படி, "மெட்ராஸுக்குப் போறியா இல்லியாடே" என்று கத்திவிட்டேன். அவன் திடுக்கிட்டுத் திரும்பினான். திரும்பியவன் குதிகாலை எடுத்துவிட்டான். பாளை ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம், நான் தலைகுப்புற ஒரு பக்கம். மேலேயிருந்து மலையாளி நண்பனின் சிரிப்பு கேட்டது. "கேட்டு கேட்டு, ஞான் கேட்டு. பாளை எடுத்தோ" என்றான். அவன் காதில் விழுந்துவிட்டது; சட்டப்படி பாளைச் சுமை என்னுடையது.

முழங்கை சிராய்த்து எரிந்தது. நண்பன் புல்லில் படுத்தபடியே பேசினான்.

"எனக்குப் போகணும்னுதான் இருக்கு. எங்க ஊரு, அம்மை, வயலு எல்லாம் அந்த ராஜ்யத்துக்குப் போவுது. பொறவு மாத்தம் கேட்டு நாகர்கோயிலுக்கே வந்திரலாம். ஆனா அவளுக்கு இங்கதான் இருக்கணும்னா, நான் இங்கன்னே எழுதிக் குடுத்திருவேன்."

"அவ இங்கதான் இருக்கணும்னு சொல்லுவா" என்றேன் சட்டென்று.

"நீ கேட்டியா?"

கேட்கவில்லை. அப்பா கேட்கவில்லை, அம்மா கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அவள் வெளியூர் போகப் பிரியப்படுவாள் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றவே இல்லை.

"கேளு. கேட்டு நாளைக்குக் காலையில வந்து சொல்லு" என்றான்.

நாலு பாளையையும் தோளில் சுமந்து சரிவில் ஏறினேன். திரும்பும் வழியில் லாரி ஊர்ந்தது, பஸ் எல்லா இடத்திலும் நின்றது. டிரைவரைத் தள்ளிவிட்டு நானே ஓட்டலாம் என்று இருந்தது.

வீட்டுக்கு வந்தபோது விளக்கேற்றும் நேரம். அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தங்கை என் முழங்கையைப் பார்க்கவில்லை, முகத்தைத்தான் பார்த்தாள். அடுக்களைக்குள் போய் அவன் சொன்னதை அப்படியே சொன்னேன். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. இங்கேயே என்று சொல்லிவிடு, சொல்லிவிடு என்று மனசுக்குள் அடித்துக்கொண்டிருந்தேன்.

அவள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு நேரே அப்பா முன்னால் போய் நின்றாள்.

"அப்பா, அவங்க மெட்ராஸுக்குப் போனா நானும் போறேன். எனக்குப் பயம் ஒண்ணும் இல்ல."

அப்பா கோபப்படுவார் என்று காத்திருந்தோம். அவர் அவளைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"உன் கூட்டாளி. எனக்கு அவனை ஞாயித்துக்கிழமைதான் தெரியும், உனக்குத் தினமும் தெரியும். அவனை நம்பி அவ்வளவு தூரம் அனுப்பலாமாடே?"

அனுப்பக்கூடாது என்று நான் சொல்லியிருந்தால் அப்பா அதோடு விட்டிருப்பார். மறுநாள் அவன் இங்கே என்று எழுதிக் கொடுத்திருப்பான். தையில் கல்யாணம் முடிந்து இரண்டு தெரு தள்ளி வீடு பார்த்திருப்பார்கள். ஞாயிறு தோறும் எனக்குப் பக்கத்தில் அவன் இலை இருந்திருக்கும். எனக்கு வேண்டியிருந்ததெல்லாம் அதுதான். தங்கை என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"தாராளமா அனுப்பலாம்பா" என்றேன். எனக்கென்று இருந்த இரண்டு பேரையும் அந்த ஒரு சொல்லிலேயே ரயிலேற்றிவிட்டேன்.