போட்டு வாறன்

பண்டத்தரிப்புக் கேதீஸ்வரனுக்குக் கொன்டாக்டர் என்றால் உயிர். யாழ்ப்பாண நகரத்து நாலுமாடிக் கடைத்தொகுதி ஒன்றின் மின்வேலை இருபது வருடமாக அவர் கையில் இருந்தது. ஒரு மாடியின் விளக்குகள் அத்தனையையும் ஒரே இழுப்பில் எரியவைக்கும் அந்தக் கறுப்புச் சுவிட்ச் பெட்டிகளைப் பற்றி யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. எரிந்துபோனவற்றைக் கழற்றிக் கழற்றியே படித்தார். உள்முனைகள் ஒட்டிக் கரண்டைப் பிடிக்கும்போது எழும் 'டக்' சத்தத்தை வைத்தே எதன் முனை தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார்.

கரண்ட் பில் ஏறிய காலத்தில் முதலாளிமார் கொழும்பிலிருந்து ஒரு கட்டுப்பாட்டுக் கருவியை இறக்கினார்கள். பகல் வெளிச்சம் இருந்தால் அது கொன்டாக்டரை விடுவித்து விளக்குகளை அணைக்கும். இருட்டினால் தானாகவே பிடிக்கவைக்கும். ஆங்கிலக் கைநூலை அகராதியோடு மூன்று கிழமை இருந்து வாசித்து, அவரே அதைப் பொருத்தினார். குமிழில் மூன்று நிலைகள்: கை, ஓஃப், ஓட்டோ. மாடியில் ஆள் வேலை செய்தால் ஓஃப். அந்த நிலையில் பூட்டுப் போட ஓட்டையும் இருந்தது. பூட்டு வாங்கவில்லை. அங்கே வேலை செய்தது அவரும் தங்கையின் புருஷன் நடராசாவும்தான். வாய்ச்சொல்லே பூட்டு.

கார்த்திகை மாதத்து வெள்ளிக்கிழமை, பிற்பகல். இரண்டாம் மாடியில் ஒரு விளக்கு எரிந்துபோயிருந்தது. கேதீஸ்வரன் குமிழை ஓஃபில் வைத்தார். நடராசா பழையதைக் கழற்றிவிட்டுப் புதியதை எடுக்கக் கீழே, கேதீஸ்வரன் மின்பலகையோடு நின்ற பனல் அறைக்கு வந்தான். மகள் தனுஷாவின் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம், நேரத்தோடு வெள்ளெனப் போகவேண்டும் என்று காலையிலேயே சொல்லியிருந்தான்.

"என்ன மச்சான், பெட்டியோடை குடும்பம் நடத்துறியளோ?"

"உன்ரை வாய்க்குத்தான் முதலிலை ஓஃப் போடவேணும்."

"சரி, சரி. போட்டு வாறன்."

யாழ்ப்பாணத்தில் புறப்படுகிறவன் 'போறன்' என்று சொல்லமாட்டான். போய்விட்டு வருகிறேன் என்பது வாயில் 'போட்டு வாறன்' ஆகிவிடும். விளக்கைப் போட்டுவிட்டு வருகிறேன் என்பதும் அதே சொல்தான். கேதீஸ்வரன் திரும்பிப் பார்த்திருந்தால் நடராசாவின் கையில் புது விளக்கு தெரிந்திருக்கும். அவர் ஒரு திருகாணியை முறுக்கிக்கொண்டு நின்றார்.

"ஓம், போட்டு வா."

வேலை முடிந்து பள்ளிக்கூடத்துக்குத்தான் புறப்பட்டான் என்று எண்ணி, குமிழை ஓட்டோவுக்குத் திருப்பினார்.

நல்ல வெளிச்சம்; விளக்கொன்றும் எரியவில்லை. மேலே நடராசா டெஸ்டர் வைத்துப் பார்த்தபோதும் கரண்ட் இல்லை. பத்து நிமிடத்தில் வானம் மழைக்குக் கறுத்து இருட்டியது. கொன்டாக்டர் பிடித்தது. அடுத்து ஏணி விழுந்த சத்தம்.

'மின்னைத் துண்டிக்காமல் வேலை செய்த தொழிலாளியின் கவனயீனம்' என்று நிர்வாகம் எழுதியது. கேதீஸ்வரனையும் கேட்டார்கள். குமிழைத் திருப்பியதை அவர் சொல்லவில்லை.

கீரிமலையில் நடராசாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடித்துத் திரும்பிய அன்று தங்கை கனகாம்பிகை சொன்னாள்: "பள்ளிக்கூடத்திலை பிள்ளையைக் கேக்கினமாம், உன்ரை கொப்பருக்குக் கரண்டை நிப்பாட்டவும் தெரியாதோ எண்டு."

"நிப்பாட்டித்தான் இருந்தது பிள்ளை. திருப்பிப் போட்டது நான்."

அவள் அழவில்லை. "அவர் என்ன சொன்னவர்? அப்பிடியே சொல்லுங்கோ அண்ணை."

சொன்னார்.

"வீட்டு வாசலிலை எண்டால் எனக்கு ஒண்டுதான் விளங்கும். பனலுக்கு முன்னாலை நிண்ட உங்களுக்கு மற்றது விளங்கேல்லையோ?"

அவள் மகளின் கொப்பியிலிருந்து ஒரு தாளைக் கிழித்து நீட்டினாள்.

"எழுதிக் குடுங்கோ. என்ரை பிள்ளை வாசிக்கவேணும்."

மறுநாள் நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுத்தார். "வேலை போகும், வழக்கும் வரும். யோசிச்சியளோ அண்ணை?" என்றார் மனேஜர். "ஓம்" என்றார்.

பிரதியோடு தங்கை வீட்டுப் படலையில் போய் நின்றார். உள்ளே வரச்சொல்லி யாரும் கூப்பிடவில்லை. கனகாம்பிகை கடிதத்தை வாங்கி, தனுஷாவைக் கூப்பிட்டு உரத்து வாசிக்கச் சொன்னாள். பிள்ளை முற்றத்தில் நின்று ஒவ்வொரு சொல்லாக வாசித்தது. கடைசி வரியில் நிறுத்தியது.

"அம்மா, இது மாமாவின்ரை பேரெல்லோ?"

"ஓம். வாசி."