ஏடு தின்ற பூனை

சேலத்தில் பிளேக் பரவிய வருஷம், நாடகாசிரியர் தாண்டவ வாத்தியார் மலையேறி வந்து வாழவந்தி எஸ்டேட்டில் ஒரு குடிசையில் தங்கினார். சேலத்தில் அவர் பெயர் தெரியாதவர் கிடையாது. காகிதம் தாராளமாகக் கிடைத்த பிறகும் பனையோலையில்தான் எழுதினார். மழைக்காலம் முடிந்து ஊர் திரும்பினார், திரும்பியதும் இறந்துபோனார். மலையில் எழுதியது எதுவும் கிடைக்கவில்லை.

அவருக்குப் பால் காய்ச்சிக் கொடுத்தவள் பாவாயி. பக்கத்தில் வெள்ளக்கடை கிராமத்துக்காரி. எஸ்டேட் மாடுகள் அவள் பொறுப்பு. நாள் முழுக்க அவற்றைத் திட்டிக்கொண்டிருப்பாள். வேறொருவர் திட்டினால் சண்டைக்குப் போவாள். காய்ச்சிய பாலின்மேல் படியும் ஏடு என்றால் அவளுக்கு உயிர். களியில் வைத்துத் தின்றுவிடுவாள். வாத்தியார் கேட்டால் பூனைமேல் பழி போடுவாள். அந்தப் பூனையை அவர் ஒருநாளும் கண்டதில்லை.

இரண்டு வருஷம் கழித்து, வாத்தியாரின் சரித்திரம் எழுத நாடக சபைக்காரர் ஒருவர் சேலத்திலிருந்து குதிரையில் வந்தார். எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டர் வெங்கடாசலம் பாவாயியை ஆபீசுக்குக் கூப்பிட்டார்.

“வாத்தியாரோட ஏடெல்லாம் என்னம்மா ஆச்சு?” என்றார் சபைக்காரர்.

பாவாயிக்குத் தெரிந்த ஏடு பாலேடுதான். செத்தவர் புகார் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். இனி மாடுகளை வேறு யாரிடமாவது கொடுத்துவிடுவார்கள்.

“பூனை தின்னுபோட்டுதுங்க.”

“அத்தனையுமா?”

“ஒரு நாளைக்கு ஒண்ணுதானுங்களே வரும். அன்னன்னிக்கே தின்னுபோடுமுங்க.”

“தினம் ஒண்ணா!” சபைக்காரர் நெற்றியைத் தடவினார்.

“மழை நாள்ல நொம்பத் தடிப்பா வருமுங்க.”

“எந்தச் சுவை தூக்கலா இருந்துது?”

“தித்திப்புங்க.”

“சிருங்காரம்” என்று முணுமுணுத்தவர், சட்டென நிமிர்ந்தார். “பூனை தின்னா சுவை உனக்கெப்படித் தெரியும்?”

ரைட்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது.

“ஏனுங்க, மாட்டைப் புடுங்கிப்போடாதீங்க. ஒரு நாள் ரெண்டு நாள் நானும் ருசி பார்த்தனுங்க.”

சபைக்காரர் எழுந்து நின்றார். “இந்தக் காட்டிலே அவருக்கு ஒரு ரசிகை!” என்று கைகூப்பினார்.

அவர் எழுதிய சரித்திரத்தில், வாத்தியார் மலையில் தினம் ஒரு நாடகம் இயற்றினார், மழைநாள் நாடகங்கள் அளவில் பெரியவை, எல்லாம் சிருங்காரம், அனைத்தையும் ஒரு பூனை அழித்தது என்று இருந்தது.

அன்று குதிரை போன பிறகும் பாவாயி வாசலிலேயே நின்றாள்.

“மாடு உங்கிட்டயேதான் இருக்கும். போ” என்றார் ரைட்டர்.

“அப்ப வாத்தியாரு சொன்னதுங்க?”

“அவரு உன்னைப் பத்தி யாருகிட்டயும் ஒண்ணும் சொல்லலே பாவாயி. அந்தாளு கேட்டது ஓலை ஏடு.”

பாவாயி படியிறங்கினாள். பாதியில் நின்று திரும்பினாள்.

“ஒண்ணுமே சொல்லலீங்களா?”