முப்பத்தைந்து பெரிசா, இருபத்தெட்டு பெரிசா

இருதயராஜ் பதினோரு வருஷம் தோலை அளந்தான். ஆம்பூரில் பாலாற்றுப் பக்கம் இருந்த அந்தத் தோல் பதனிடும் ஷாப்பில், பதமாகிக் காய்ந்த தோல் ஒவ்வொன்றும் கடைசியில் அவன் மேசைக்குத்தான் வரும். விரித்து, அளந்து, வால் பக்கம் நீல மையால் சதுர அடியை எழுதுவான். பதினெட்டு, இருபத்திரண்டு, இருபத்தெட்டு. நல்ல எருமையாக இருந்தால் முப்பத்தைந்து. பெரிய நம்பர், பெரிய தோல். அந்த ஊரில் இதை யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மை விரலில் ஏறியதோடு சரி, இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை நற்கருணைக்குக் கையை நீட்டாமல் நாக்கை நீட்டுவது வழக்கமாக இருந்ததற்காக அவன் திருச்சபைக்கு நன்றியுள்ளவனாக இருந்தான். அந்த மேசையை விட்டு எழுந்துவிட வேண்டும் என்பதுதான் அவனுடைய ஒரே ஆசை. வேறு பெரிய ஆசைகளுக்கு அவன் பழகவில்லை.

1957-ல் அதற்கு ஒரு வழி திறந்தது. லண்டன் ஏஜண்ட் ஒருவர் பெரிய முதலாளிக்கு ஒரு ஜெர்மன் கேமராவும் இரண்டு லென்ஸும் பரிசாகக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். மாதாகோயில் திருவிழாவில் பெட்டிக் கேமராவால் படம் எடுக்கிறவன் என்று இருதயராஜைக் கூப்பிட்டார்கள்.

“லண்டனுக்கு ஆல்பம் அனுப்பணும். புது டிரம்மு, ஷெட்டு, நானு, தம்பி, எல்லாரும். நல்லா வந்தா மேசைய வேற ஆளுக்குக் குடுத்துடறேன். நீ படமே எடுத்துக்கினு இரு” என்றார் பெரிய முதலாளி. “வரலன்னா, மேசை எங்கயும் போய்டாது.”

ஷெட்டில்தான் சிக்கல். சாதாரண லென்ஸில், தோலைப் போட்டுச் சுழற்றும் அந்தப் பெரிய டிரம் வந்தால் முதலாளிகள் வரவில்லை. முதலாளிகள் வந்தால் டிரம் வரவில்லை. முதுகு சுவரில் முட்டும்வரை நகர்ந்தும் பார்த்தான். இரண்டாவது லென்ஸ் அகலமானது. 28 என்று அதன் கழுத்தில் எழுதியிருந்தது. அதை மாட்டினால் மொத்த ஷெட்டும் உள்ளே வந்துவிடும். ஆனால் அந்த மாதிரிக் கேமராவில் லென்ஸ் பார்ப்பதை நாம் பார்க்க முடியாது. நமக்கென்று மூலையில் தனியாக ஒரு ஜன்னல். அது சாதாரண லென்ஸுக்கு, அதாவது ஐம்பது நம்பருக்கு, அளவெடுத்த ஜன்னல். எந்த லென்ஸைப் போட்டாலும் ஐம்பதைத்தான் காட்டும். அகல லென்ஸின் பார்வை தெரிய வேண்டுமென்றால் கேமராவின் தலைமேல் தனியாக ஒரு குட்டி ஃபைண்டர் செருக வேண்டும். அது பரிசோடு வரவில்லை.

செருகும் தகட்டுக்குக் கேமராவோடு வந்த புத்தகத்தில் ‘ஷூ’ என்று பெயர் போட்டிருந்தது. மேனேஜர் கவுஸ் பாஷா அதை இரண்டு தரம் படித்தார்.

“தலைல ஷூவா? நம்ம ஊர்க்காரன் காதுல விழுந்தா இதுக்கும் ஆர்டர் புடிச்சிடுவான்.”

கம்பெனிச் சாமான் வாங்குவதென்றால் கவுஸ் பாஷா கூடவே வருவார். கூட வந்தால் அவர்தான் வாங்குவார். இருவரும் காலை வண்டியில் மதராஸுக்குப் போனார்கள்.

மவுண்ட் ரோடு கடைக்காரர் மூன்று ஃபைண்டர்களை எடுத்து மேசைமேல் வைத்தார். ஒன்றில் 28, ஒன்றில் 35. மூன்றாவதில் ஒரு வளையம் இருந்தது. திருகத் திருக நம்பர் மாறும்.

“முறுக்கற சாமான் என்னிக்காவது கழண்டுக்கும்” என்று கவுஸ் பாஷா அதைத் தள்ளி வைத்தார். அதில் இருபத்தெட்டு இல்லவே இல்லை என்பதை இருதயராஜ் பார்த்திருந்தான். அதனால் பேசாமல் இருந்தான். காரணம் தப்பு, முடிவு சரி. நாள் நன்றாகத்தான் ஆரம்பித்திருந்தது.

மற்ற இரண்டையும் எடுத்துக்கொண்டு கடை வாசலுக்குப் போனார்கள். இருதயராஜ் 28-ஐக் கண்ணில் வைத்தான். எதிர்ச்சாரிக் கடைகள் ஏழும் தெரிந்தன. இந்தக் கோடியில் ரிக்‌ஷாக்காரன், அந்தக் கோடியில் தபால் பெட்டி. எல்லாம் சிறிசாக, தூரமாக, ஆனால் ஒன்று விடாமல். அப்படியே நின்றான். முப்பத்து நான்கு வயதில் ஒரு தெரு முழுவதையும் ஒரே பார்வையில் பார்ப்பது அதுதான் முதல் தரம்.

கவுஸ் பாஷா வாங்கிப் பார்த்தார். “இன்னா இது, ஜனமெல்லாம் எறும்பாட்டம் கீது?” பிறகு 35-ஐ வைத்துப் பார்த்தார். “ஆங்! இது ஆளு. மூஞ்சி மூஞ்சியாத் தெரியுது.”

“பாய், நம்ம லென்ஸு இருபத்தெட்டு. ஃபைண்டரும் அதே இருந்தாத்தான்...”

“அட, நீ அளக்கறவனாச்சே! முப்பத்தஞ்சு பெருசா, இருபத்தெட்டு பெருசா?”

“முப்பத்தஞ்சுதான். ஆனா லென்ஸுல...”

“முப்பத்தஞ்சுக்குள்ள இருபத்தெட்டு அடங்குமா, அடங்காதா?”

“தோல்னா அடங்கும்.”

“அப்புறம் இன்னா பேஜாரு? மொதலாளி நம்பரக் கேப்பாரு. சின்ன நம்பர வாங்கிக்கினு வந்தியான்னு என்னைத்தான் கேப்பாரு, உன்னையா கேப்பாரு?”

கடைக்காரர் வாயைத் திறந்தார். பில் போடச் சொன்னதும் மூடிக்கொண்டார். இருதயராஜ் “சரி பாய்” என்றான். மேசையிலிருந்து எழுந்திருக்கலாமா என்று எழுதப்போகிற கை கவுஸ் பாஷாவுடையது. தவிர, பதினோரு வருஷம் நீல மையில் எழுதிய கைக்கும் முப்பத்தைந்து கொஞ்சம் பெரிசாகத்தான் பட்டது.

திரும்பும் ரயிலில் குடியாத்தம் தணிகைவேல் எதிரில் உட்கார்ந்திருந்தார். லுங்கி நெய்கிறவர், மதராஸில் சரக்குப் போட்டுவிட்டு வந்துகொண்டிருந்தார். கவுஸ் பாஷா புதுச் சாமானைக் காட்டி, 28-ல் தெரு முழுக்கத் தெரிந்ததையும் 35-ல் மூஞ்சி மூஞ்சியாகத் தெரிந்ததையும் சொன்னார். தணிகைவேல் அதைக் கண்ணில் வைத்துப் பார்க்கக்கூட இல்லை.

“நம்பர் ஏறினா பார்வை குறுகுதா? அப்போ இது நூலு ஜாதி பாய். இருபதாம் நம்பர் நூலு தடி, நாப்பதாம் நம்பர் மெலிசு. நம்பர் கம்மியானா அகலம். நீங்க தோலுன்னு நெனச்சி வாங்கிட்டீங்க.”

கவுஸ் பாஷா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். குடியாத்தத்தில் தணிகைவேல் இறங்கும்வரை அவருக்கு வயல்களில் நிறைய வேலை இருந்தது. வண்டி நகர்ந்த பிறகு மெல்லச் சொன்னார்: “இருதயம், இது நம்ம ரெண்டு பேரோட இருக்கட்டும். நெசவுக்காரன் ஆயிரம் சொல்லுவான்.”

அன்று மாலை ஆரோக்கியமேரி புருஷன் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டே வெங்காயம் உரித்தாள்.

“சரி, ஃபைண்டரு கம்மியாக் காட்டும். லென்சு ஜாஸ்தியாப் புடிக்கும். அவ்ளோதானே?”

“அவ்ளோதான்.”

“அதத்தானே அங்கயே சொல்லியிருக்கணும்?”

“சொன்னேன்.”

“எப்போ?”

“மனசுல” என்றான். அவள் இன்னொரு வெங்காயத்தை எடுத்தாள்.

ஆனால் அவனிடம் ஒரு கணக்கு இருந்தது. ஃபைண்டரில் தெரிவதற்கு மேல் ஒரு பக்கத்துக்கு நாலு அடி படத்தில் கூடுதலாக விழும். அந்த நாலு அடியை மனதில் பார்த்துக்கொண்டால் போதும். கண்ணாடி காட்டாததை ஆள் பார்த்துக்கொள்ளலாம்.

படமெடுக்கிற நாள் ஷெட்டின் கதவுகளை இரண்டு பக்கமும் திறந்து வெளிச்சம் விட்டார்கள். பின்னால் புது டிரம், முன்னால் ஐந்து நாற்காலிகள். நடு நாற்காலியில் பெரிய முதலாளி. கேமராவிலிருந்து பார்க்க அவருக்கு இடப்புறம் தம்பி, சின்ன முதலாளி. அண்ணன் தம்பிக்குள் பங்கு விஷயமாகப் பேச்சு நடந்துகொண்டிருந்த வருஷம் அது. நாற்காலிகள் ஒரே உயரமா என்று காலையில் இரண்டு பேருமே தனித்தனியாக வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

பெரிய முதலாளியின் உத்தரவு ஒன்றே ஒன்று. சுண்ணாம்புத் தொட்டி ஆட்களும், தோல் பதனிடும் ஆவாரம்பட்டை சுமக்கிற பெண்களும் படத்தில் விழக்கூடாது. லண்டன்காரன் மெஷினைத்தான் பார்க்க வேண்டும்.

பட்டைக் கூடையை இறக்கிவிட்டுப் பூங்காவனமும் இன்னும் மூன்று பெண்களும் இடது ஓரத்தில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். இருதயராஜ் ஃபைண்டரில் பார்த்து, “பூங்காவனம், தள்ளிப் போ” என்றான். தள்ளினார்கள். ஃபைண்டரிலிருந்து மறைந்தார்கள்.

“இன்னும் நாலு அடி போங்க.”

“ஏன், எங்க நாத்தம் படத்துல அடிக்குமா?” என்றாள் பூங்காவனம். பெண்கள் சிரித்தார்கள்.

கவுஸ் பாஷா விறுவிறுவென்று வந்து ஃபைண்டரில் கண்ணை வைத்தார். “தெரியலியே. இன்னும் எதுக்குத் தள்ளச் சொல்ற?” குரலைத் தாழ்த்தினார். “மொதலாளி பாக்கறாரு. கண்ணாடி தப்புன்னு ஊருக்கெல்லாம் டமாரம் அடிக்கிறியா?”

பெரிய முதலாளி நாற்காலியிலிருந்து, “இன்னா, கண்ணாடில எதாவது கோளாறா?” என்றார்.

“ஒண்ணுமில்லீங்க” என்றார்கள் இருவரும். இதில் மட்டும் சுருதி சேர்ந்தது.

கவுஸ் பாஷா வலது ஓரத்துக்குப் போய், ஃபைண்டர் காட்டாத இடமாகப் பார்த்து நின்றுகொண்டார். இருதயராஜ் பட்டனை அமுக்கினான்.

ஸ்டேஷன் ரோடு ஸ்டுடியோவின் இருட்டறையில் படம் மெல்ல எழும்பி வந்தது. நடுவில் ஐந்து பேர் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இடது ஓரத்தில் நான்கு பெண்கள். ஒருத்தி வாயைப் பொத்த, பூங்காவனம் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். மொத்தப் படத்தில் உயிரோடு இருந்தது அந்த மூலைதான். வலது ஓரத்தில் கவுஸ் பாஷா. பாதி திரும்பி, கன்னம் ஒட்ட, பீடியை இழுத்துக்கொண்டிருந்தார்.

ஷெட்டில் பீடி பிடித்தால் வேலை போகும். முந்தின வருஷம் பட்டைக் குவியல் எரிந்ததிலிருந்து அதுதான் சட்டம். அதை எழுதிய பலகையை ஷெட்டில் அடித்து மாட்டியவர் கவுஸ் பாஷா.

அவரிடம் படத்தைக் காட்டினான். கட்டைவிரலால் வலது ஓரத்தை மறைத்துப் பார்த்தார். “வெட்ட முடியுமா?”

“ரெண்டு பக்கமும் நாலு நாலு அடி வெட்டிட்டா, ஃபைண்டர்ல பாத்தது மட்டும் நிக்கும் பாய்.”

“பாத்தியா? அப்போ முப்பத்தஞ்சு சரிதான்!”

வெட்டினான். பெரிய முதலாளி நடுவில், டிரம் பின்னால், ஓரங்கள் சுத்தம். ஆல்பம் லண்டனுக்குப் போயிற்று. மேசைக்கு வேறு ஆள் பார்க்கச் சொல்லி உத்தரவும் வந்தது. ஆரோக்கியமேரி எலுமிச்சம்பழம் வாங்கி வந்து அவன் விரல்களைத் தேய்த்துவிட்டாள்.

ஆறாவது வாரம் லண்டனிலிருந்து கடிதம் வந்தது. மெஷின் நன்றாக இருக்கிறது. ஆனால் உங்கள் ஷாப்பில் வேலை செய்கிறவர்களே இல்லையா? அவர்களும் சேர்ந்திருக்கும் படத்தை உடனே அனுப்பவும், எங்கள் பத்திரிகையில் போட வேண்டும்.

மறுபடி எடுக்கலாம் என்றால் டிரம் இல்லை. அதற்குள் அச்சு முறிந்து, பிரித்துப் போட்டிருந்தார்கள்.

“தொட்டி ஆளு, பட்டைக்காரிங்க, யாராவது விழுந்த படம் இருக்குதா?” என்றார் பெரிய முதலாளி.

“இருக்குதுங்க” என்று இருதயராஜ் சொல்லிவிட்டான். வாழ்க்கையில் கேட்டவுடன் அவன் சொன்ன பதில் அது ஒன்றுதான். கவுஸ் பாஷா அவன் பின்னாலேயே ஸ்டுடியோ வரைக்கும் நடந்து வந்தார்.

“பொம்பளைங்க இருக்கட்டும். என்னை மட்டும் வெட்டு.”

“வலது பக்கம் மட்டும் வெட்டினா மொதலாளி நடுவுல நிக்க மாட்டாரு பாய்.”

“அவரு நடுவுல இல்லாட்டிப் போனா கோவம் வரும். நான் படத்துல இருந்தா சோறு போவும். எனக்கு மூணு பொண்ணுங்கப்பா.”

வெட்டினான்.

பெரிய முதலாளி படத்தை மேசைமேல் வைத்து, ஒரு விரலை இடமிருந்தும் இன்னொரு விரலை வலமிருந்தும் நகர்த்திக்கொண்டு வந்தார். இரண்டு விரல்களும் சின்ன முதலாளியின் மூக்கின் மேல் சந்தித்தன.

“தம்பி நடுவுல இருக்கறான்.”

படத்தை இருதயராஜ் பக்கம் திருப்பி வைத்தார்.

“லண்டன்ல இத அச்சடிச்சா யாரு மொதலாளின்னு நெனப்பான்? இருதயராஜ், தம்பி உனக்கு எதாவது குடுத்தானா?”

“ஐயோ, இல்லீங்க.”

“அப்போ வேலை தெரியல. மேசைக்குப் போறியா?”

இருதயராஜின் சட்டைப்பையில் வெட்டாத சிறு பிரதி ஒன்று இருந்தது. எடுத்து வைத்தால் முதலாளி நடுவில் வந்துவிடுவார். கவுஸ் பாஷா தெருவுக்கு வந்துவிடுவார். கை பைவரைக்கும் போயிற்று. கவுஸ் பாஷா அதைப் பார்த்துவிட்டார்.

“வேலை தெரியாமல்லாம் இல்லீங்க மொதலாளி” என்றார் அவசரமாக. “ஃபைண்டருதான் பத்தல.”

“இன்னா நம்பரு?”

“முப்பத்தஞ்சுங்க” என்றான் இருதயராஜ்.

“முப்பத்தஞ்சுலயே நான் ஓரமாப் போறேன்னா, இன்னும் பெருசா வாங்கறதுக்கு இன்னா? கடைல இருக்கறதுல பெருசு எது?”

“அம்பது, நூறுன்னு போவுதுங்க. ஆனா...”

“நூறு வாணாம், ஜாஸ்தி. அம்பது வாங்கு. டிரம்ம மாட்டினதும் மறுபடி எடு. அம்பதுல தப்பா வந்துச்சின்னா, அப்புறம் மேசைதான்.”

ஐம்பது கேமராவிலேயே இருக்கிறது, அந்த மூலை ஜன்னல்தான் ஐம்பது என்று சொல்ல இருதயராஜ் மூச்சை இழுத்தான். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் பழைய மேசை தெரிந்தது. அதன்மேல் தோல் குவிந்து கிடந்தது. அளக்க இன்னும் ஆள் வரவில்லை.

“சரிங்க” என்றான்.

இந்தத் தரம் கவுஸ் பாஷா கூட வரவில்லை. முதுகு வலி என்றார். மவுண்ட் ரோடு கடைக்காரர் 35-ஐத் திரும்ப எடுத்துக்கொண்டு, கேள்வி கேட்காமல் 28-ஐ எடுத்துக் கொடுத்தார். இருதயராஜ் அதை வாசலில் வைத்துக்கூடப் பார்க்கவில்லை. நேராகப் பூக்கடைப் பக்கம் போய், பாத்திரக் கடை வாசலில் சீர்க் குடங்களில் பேர் வெட்டிக்கொண்டிருந்தவர் முன்னால் குந்தினான்.

“இன்னா பேரு வெட்டணும்?” என்றார் அவர்.

“பேரு இல்லீங்க. நம்பரு.”

அவர் ஃபைண்டரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இருவத்தெட்டுன்னு இருக்குதே.”

“அத ராவிட்டு அம்பதுன்னு வெட்டுங்க.”

“திருட்டுச் சாமானா?”

“இல்லீங்க. கம்பெனிச் சாமான்.”

பேர் வெட்டுகிறவர் அவனை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்தார். பிறகு அரத்தை எடுத்தார். இருபத்தெட்டு பொடிப் பொடியாக உதிர்ந்தது. உளியைத் துடைத்துக்கொண்டு, “இத்தனூண்டு எடம். பொடியா வெட்டட்டுமா?” என்றார்.

“இல்ல, பெருசாவே வெட்டுங்க” என்றான் இருதயராஜ். “மொதலாளி கண்ணாடி போடாமப் படிக்கணும்.”