சாவுக்கு மட்டும் திறக்கும் தெரு: திண்டிவனம் பக்கம் ஒரு போகிக் காலை

அந்தத் தெருவில் சாவு விழுந்தால்தான் பறை நுழையலாம். உயிரோடு இருப்பவர்கள் தங்கள் சந்தோஷத்துக்கு அடித்துக்கொண்டு போனால் அது சட்டம் ஒழுங்குப் பிரச்சினை. இதை யாரும் மறைக்கக்கூட இல்லை. போகியன்று காலையில், அரசுப் பணத்தில் போட்ட சிமெண்ட் சாலையில் நின்றுகொண்டு, சாதாரணமாகச் சொன்னார்கள்.

ஊர்ப் பெயரை எழுதப் போவதில்லை. ரோஸி வேண்டாம் என்றாள். “பேரு போட்டா உனக்கு லைக் வரும், எங்களுக்கு ஜீப் வரும்.” திண்டிவனத்திலிருந்து ஓமந்தூர் போகும் வழியில் பிரிகிற ஒரு கிளைச் சாலையில் இருக்கிறது. அவ்வளவு போதும்.

ரோஸி விழுப்புரத்தில் என்னோடு கல்லூரியில் படித்தவள். இப்போது திண்டிவனத்தில் ஒரு தையல் யூனிட்டில் சூப்பர்வைசர். அவள் ஊர்க் காலனியில் பதினான்கு பேர் சேர்ந்து பறைக் குழு வைத்திருக்கிறார்கள், அதில் ஒன்பது பேர் பெண்கள். பக்கத்து ஊர்க் காலனிகளிலும் இப்படி இரண்டு குழுக்கள் உண்டு. மூன்று குழுவும் போகியன்று காலையில் ஏரிக்கரை மைதானத்தில் கூடி அடிப்பார்கள். அடித்து முடித்ததும் ஒவ்வொருவரும் போகிற வருடத்தோடு எதை விடுகிறோம் என்று ஒரு வரி சொல்வார்கள். இரண்டு வருடமாகக் கூப்பிட்டும் நான் போகவில்லை. இந்த வருடம், “இந்த வாட்டி வரப்பு வழியா போகமாட்டோம், தெரு வழியா போறோம். வந்து பாரு” என்றாள். கிளம்பிவிட்டேன்.

போகிக்கு முதல் நாள் மதியம் 2.15-க்கு விழுப்புரத்தில் பஸ் ஏறினேன். சாதாரண நாளில் ஒரு மணி நேரம். பொங்கல் கூட்டத்தில் கூட்டேரிப்பட்டில் மட்டும் இருபது நிமிடம் நின்று, திண்டிவனம் சேர 3.50 ஆனது. டிக்கெட் நாற்பது ரூபாய். அங்கிருந்து ஷேர் ஆட்டோ, ஆளுக்கு முப்பது.

டிரைவர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே, ஊரிலா காலனியிலா, எங்கே இறங்க வேண்டும் என்று கேட்டார். காலனி என்றேன். சொந்த ஊர் கேட்டார். மயிலம் என்றேன்.

“மயிலத்துல எந்தப் பக்கம்?”

எங்கள் மாவட்டத்தில் சாதியைக் கேட்காமல் கேட்பது இப்படித்தான். தெருவின் பெயரைச் சொன்னேன். அதற்கப்புறம் பேச்சில் ‘ங்க’ வந்துவிட்டது. “அப்போ காலனியில இன்னா வேலைங்க ஒங்களுக்கு?”

ஆமாம், நான் ஊர்த் தெருக்காரன். எங்கள் வீட்டுச் சாவுகளுக்கும் பறை வந்திருக்கிறது. அடித்தவர்கள் எந்த வழியாகத் திரும்பிப் போனார்கள் என்று இருபத்தாறு வயது வரை நான் யோசித்ததில்லை.

ரோஸி வீட்டில் அவித்த மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, நடுவில் கொட்டிவைத்து அன்று மாலை கூட்டம் போட்டார்கள். தெரு வழியாகப் போக அனுமதி கேட்டு, பத்து நாள் முன்பே போலீஸ் ஸ்டேஷனில் மனு கொடுத்திருக்கிறாள். ரசீது தரவில்லை. பதிலும் வரவில்லை. பதில் இல்லாவிட்டால் தடை இல்லை என்பது அவள் கட்சி. அவளுடைய சித்தப்பா ஏழுமலை ஒத்துக்கொள்ளவில்லை. ஊரில் எந்தச் சாவு விழுந்தாலும் முப்பது வருடமாக அடிப்பவர் அவர்தான். மற்ற நாட்களில் அதே ஊர்க்காரர்களின் நிலத்தில் கூலி வேலை. “நீ பேசிட்டு கம்பெனிக்குப் போயிருவ. நாளைக்கு நான் யாரு கொல்லைல மல்லாட்டை புடுங்கறது?” என்றார். கடைசியில், கூட வருகிறேன், ஆனால் வாயைத் திறக்கமாட்டேன் என்றார்.

வழி விஷயம் வெறும் மானப் பிரச்சினை இல்லை. பறைத் தோலை நெருப்பில் காட்டி விறைக்க வைத்தால்தான் சத்தம் கிளம்பும். மார்கழிப் பனியில் அந்த விறைப்பு கால் மணி நேரம்கூட நிற்காது. தெரு வழியாக மைதானத்துக்கு 400 மீட்டர், ஆறு நிமிடம். வரப்பைச் சுற்றிப் போனால் 1.8 கிலோமீட்டர். போனில் அளந்தேன். ஒருவர் பின் ஒருவராக நடக்க வேண்டும், முப்பத்தைந்து நிமிடம். போய்ச் சேரும்போது பறை ஈரத்துணி மாதிரி இருக்கும், மறுபடி முதலிலிருந்து காய்ச்ச வேண்டும்.

போகியன்று ஐந்தரைக்குக் காலனி நெருப்பில் பறைகளைக் காய்ச்சினார்கள். எனக்கும் ஒன்றைக் கொடுத்தாள் ரோஸி, தூக்கி வர. “அடிச்சிடாத, மானம் போயிரும்” என்றாள். 6.10-க்குக் கிளம்பி, அடித்துக்கொண்டே தெரு முனைக்கு வந்தோம்.

அங்கே எட்டுப் பேர் நின்றிருந்தார்கள். பைக்கில் சாய்ந்தபடி ஒரு ஏட்டு. ஊர்க்காரர்களின் போகி நெருப்பு தெரு முனையிலேயே எரிந்துகொண்டிருந்தது. கிழிந்த பாய், உடைந்த முறம், ஒரு சைக்கிள் டயர். ஏட்டு எங்களைப் பார்த்துக் கையை வரப்புப் பக்கம் காட்டினார்.

எட்டுப் பேரில் முன்னால் நின்றவரிடம் ரோஸி நேராகப் போனாள்.

“கார்த்திகைல ஒங்க அம்மாவுக்கு இதே தெருவுல மூணு மணி நேரம் அடிச்சாரு எங்க சித்தப்பா. அன்னைக்கு ரோடு இருந்துச்சி. இன்னைக்கு எங்கங்க போச்சி?”

“அது சாவும்மா. இது வேற” என்றார் அவர். கோபமே இல்லை. பஸ் நேரம் சொல்வது மாதிரி சொன்னார்.

இப்படியே இருபது நிமிடம் போனது. ஏழுமலை தன் பறையை ஒரு தட்டு தட்டிப் பார்த்தார். தொய்ந்திருந்தது. அடுத்து அவர் செய்ததை யோசித்துச் செய்யவில்லை என்று சத்தியம் செய்வேன். பக்கத்தில் எரிந்த நெருப்பிடம் போனார், குத்துக்காலிட்டார், பறையைத் திருப்பித் திருப்பிக் காட்டினார். முப்பது வருடமாக அந்தத் தெருவில் சாவு வீட்டு வாசல் நெருப்பில் அப்படித்தான் காய்ச்சியிருக்கிறார். தெரு முனை, நெருப்பு, கையில் தொய்ந்த பறை. கை தானாகப் போய்விட்டது.

எட்டுப் பேரில் ஒருவர் வீட்டுக்குள் போய் ஒரு பக்கெட் தண்ணீர் கொண்டுவந்தார். தங்கள் போகி நெருப்பின் மேலேயே ஊற்றினார். பாதித் தண்ணீர் பறை மேல் விழுந்தது. ஏழுமலை சாம்பல் தெறித்த முகத்தோடு எழுந்தார். ஏட்டு, “கெளம்புங்க, கெளம்புங்க” என்றார். எங்களைத்தான்.

வரப்பில் நடந்தோம். மற்ற இரண்டு குழுவும் மைதானத்தில் நெருப்பு போட்டுக் காத்திருந்தார்கள். எல்லாப் பறைகளும் காய்ந்தன. ஏழுமலையின் பறை மட்டும் நனைந்த தோலோடு அன்றைக்கு உதவாமல் கிடந்தது. 7.20-லிருந்து 8.40 வரை நாற்பது பேர் வட்டமாக நின்று அடித்தார்கள். அந்த அடியைப் பற்றி என்னால் அழகாக எழுத முடியாது. நெஞ்செலும்பில் கேட்டது, அவ்வளவுதான்.

பிறகு அந்த ஒரு வரி. ஒருத்தி கணவனின் குடியைப் பொறுத்துக்கொள்வதை விடுகிறேன் என்றாள். ஒருவன் சீட்டாட்டத்தை. ஏழுமலை சும்மா இருப்பார் என்று நினைத்தேன். எழுந்தார்.

“நான் இனிமே அந்தத் தெருவுக்கு சாவுக்குப் போவமாட்டேன். கூலி போனா போவட்டும்.” உட்கார்ந்துவிட்டார். யாரும் கைதட்டவில்லை. அதன் விலை எல்லோருக்கும் தெரியும்.

வருடம் மாறுகிறது, பழையதைக் கொளுத்துகிறோம் என்று ஸ்டேட்டஸ் போடுகிறோம். அந்த ஊர் பாயையும் முறத்தையும் கொளுத்தியது. கொளுத்த வேண்டியதைக் காப்பாற்ற அந்த நெருப்பையே அணைத்தது.

போக விரும்புகிறவர்களுக்கு: முதல் நாளே போய்விடுங்கள், போகி காலையில் ஷேர் ஆட்டோ கிடையாது. ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். கேட்காமல் வீடியோ எடுக்காதீர்கள். திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்கு பஸ் நாள் முழுக்க உண்டு. பதினொரு மணிக்குக் கிளம்பிவிடலாம் என்று நினைத்திருந்தேன். கிளம்பியது மூன்று மணிக்கு. அந்த நான்கு மணி நேரத்தையும் உங்கள் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் பேசுவதாக இருந்தால் ஸ்டேஷனுக்கு வா என்று ஏட்டு சொல்லியிருந்தார், ரோஸி போனாள், நானும் போனேன். பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். 12.50-க்கு ஏட்டு வந்தார். எல்லாருக்கும் பொங்கல் வேலை இருக்கிறது, அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்றார். ரோஸி ஒரு வெள்ளைத்தாளை மேசை மேல் வைத்தாள்.

“அந்தத் தெருவுல பறையோட போவக்கூடாதுன்னு சொன்னீங்க இல்ல சார். அத எழுதிக் குடுங்க.”

அவர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார். காகிதத்தைத் தொடவில்லை.

“எழுதிக் குடுங்க சார்.”