என் காதுக்கென்று வாங்கிய ஹெட்போன்

எங்கள் வீட்டில் ரேடியோ காலை ஐந்தரை மணிக்குத் தொடங்கும். மாமனார் பீரங்கிப் படையில் இருந்து ஓய்வு பெற்றவர். முன்னறையில் இருந்த பழைய பெரிய ரேடியோவின் குமிழைக் கடைசி வரை திருகிவிட்டு, அதற்கு நேர் எதிரே நாற்காலியைப் போட்டு உட்காருவார். செய்தி, சந்தை நிலவரம், நாடகம், பாட்டு எல்லாமே தெருமுனை வரை கேட்கும். ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் தெருக்காரர்கள் தனியாக ரேடியோ வாங்கத் தேவையே இல்லை என்று என் வீட்டுக்காரர் சொல்லிச் சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வராது. அந்த வீட்டில் உட்கார்ந்துதான் நான் சுருக்கெழுத்துப் பழக வேண்டியிருந்தது.

எண்பதுகளின் கடைசி அது. கல்யாணத்துக்கு முன்பே தட்டச்சும் இளநிலைச் சுருக்கெழுத்தும் முடித்திருந்தேன். முதுநிலையும் தேறிவிட்டால் கோர்ட்டில் ஸ்டெனோ வேலைக்கு மனுப் போடலாம். கோர்ட் உள்ளூரிலேயே இருந்தது, நடந்தே போய் வரலாம். வெளியூர் வேலை என்றால் பேச்சே எடுக்க முடியாது. ஆகவே வீட்டை விட்டு வெளியே வர எனக்கு இருந்த ஒரே வழி அந்தப் பரீட்சைதான்.

தினமும் வகுப்புக்கு வர முடியாது, வாரம் ஒரு நாள்தான் வருவேன் என்று சொன்னதும், டைப் இன்ஸ்டிட்யூட் மாஸ்டர் தன் குரலிலேயே பாடங்களை வாசித்து நாலு கேசட்டில் பதிந்து கொடுத்தார். "மாண்புமிகு பேரவைத் தலைவர் அவர்களே, இந்த மானியக் கோரிக்கையின் மீது" என்று ஆரம்பித்தால் மனிதர் மூச்சு விட மாட்டார். ஒரு சொல்லைத் தவறவிட்டால் அடுத்த நாலு சொல்லும் போச்சு. என் வீட்டுக்காரரின் டேப் ரெக்கார்டரில் கேசட்டைப் போட்டுப் பென்சிலை எடுப்பேன். மாஸ்டர் மானியக் கோரிக்கையை வைப்பார், முன்னறையில் இருந்து பருத்தி விலை வரும். என் நோட்டில் இரண்டும் கலந்து கிடக்கும்.

யாரிடம் சொன்னாலும் ஒரே பதில்தான். "அவிய பட்டாளத்துல இருந்தவிய. சத்தமாத்தான் வைப்பாவ" என்று அத்தை முடித்துவிடுவார். மாமனாரிடமே கேட்கும் தைரியம் எனக்கு இல்லை. வகுப்புக்குக் கிளம்பும்போது கதவோரமாக நின்று, "மாமா, கிளாசுக்குப் போயிட்டு வாரேன்" என்று அடக்கமாகச் சொல்வேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். மருமகள் வேலைக்குப் போவதில் இஷ்டமில்லை, அதைத்தான் இப்படிக் காட்டுகிறார் என்று முடிவு கட்டிவிட்டேன். ஒன்றரை வருஷம், வாரம் தவறாமல் அவரிடம் சொல்லிக்கொண்டுதான் போனேன். ஒரு நாளாவது "ம்" என்று சொன்னாரா என்றால், இல்லை. அந்த எரிச்சல் எனக்கு ரேடியோவை விடப் பெரியது.

ஹெட்போன் வாங்கலாம் என்பது என் யோசனை. ராஜபாளையம் பஸ் நிலையத்துக்கு எதிரே ஃபாரின் சாமான் விற்கும் பாய் கடை ஒன்று இருந்தது. என் வீட்டுக்காரருக்கு அந்த ஊர் மில்லில்தான் ஸ்டோர்ஸ் கிளார்க் வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் பஸ் ஏறினோம். ஹெட்போன் எனக்குத்தான் என்று கடைக்குள் நுழைந்ததுமே சொன்னேன். பாய் மரியாதையாகத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு, கண்ணாடி அலமாரியில் இருந்து ஒன்றை எடுத்து என் வீட்டுக்காரர் தலையில் மாட்டினார்.

"ஒரிஜினல் ஜப்பான் சார். பாட்டுல அடி எப்படி விழுதுன்னு மட்டும் பாருங்க."

அப்போது வந்திருந்த ஏதோ சினிமாப் பாட்டைப் போட்டார். இவர் கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டினார். பாட்டு முடியும் வரை ஆட்டினார். அடுத்த ஹெட்போனுக்கும் ஆட்டினார். நான் பக்கத்தில் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"பாய், எனக்குப் பாட்டு வேண்டாம். பேச்சுதான் கேக்கணும்" என்றேன்.

"பேச்சு கேக்கிறதுக்கா?" என்று அவர் என் வீட்டுக்காரரைப் பார்த்தார். "அதுக்கு எதுக்கும்மா ஹெட்போனு?"

கடைசியில் இவருக்குப் பிடித்ததைத்தான் வாங்கி வந்தோம். மெல்லிய கம்பி, இரண்டு பக்கமும் பஞ்சு. பாட்டுக்கு அருமையாக இருந்தது. பேச்சுக்கு உதவவில்லை, ஏனென்றால் அந்தப் பஞ்சு வழியாகப் பருத்தி விலை தாராளமாக உள்ளே வந்தது. "காதுக்கு எம்புட்டு லேசா இருக்கு பாரு" என்றார் இவர். லேசு யாருக்கு வேண்டும்? அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் பஸ் ஏறினேன். இந்த முறை மாஸ்டர் கேசட்டைக் கையோடு எடுத்துப்போனேன்.

பாய் நல்ல மனிதர், மாற்றித் தர ஒத்துக்கொண்டார். அவர் எடுத்து நீட்டிய ஒவ்வொன்றையும் இவர் கைக்குப் போகும் முன் நானே வாங்கி மாட்டினேன். டேப்பைக் கடை வாசல் வரை கொண்டுவரச் சொல்லி, பஸ் ஹாரன் அடிக்க அடிக்க நின்று கேட்டேன். ரோட்டில் போகிறவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன். நாலாவதாக வந்தது காது முழுவதையும் மூடுகிற கனத்த ஹெட்போன், கறுப்பு ரெக்ஸின் மெத்தை வைத்தது. அதை மாட்டியதும் பஸ் நிலையமே சட்டென்று பின்னால் போய்விட்டது. மாஸ்டர் ஒவ்வொரு சொல்லையும் பக்கத்தில் உட்கார்ந்து சொல்வது போலிருந்தது. அந்தக் கடை வாசலிலேயே எனக்கு அழுகை வந்துவிடும் போல ஆனது, அவ்வளவு நிம்மதி.

வீட்டுக்கு வந்து பார்த்தால் ஹெட்போன் வயரின் நுனியில் இருந்த தடித்த பின் எங்கள் டேப்பின் துளைக்குள் போகவில்லை. கடையில் பாய் தன் டேப்பில் போட்டுக் காட்டியிருந்தார், நாங்கள் யோசிக்கவில்லை. மறுநாள் இவர் மில்லில் இருந்து வரும்போது இடையில் மாட்டும் சின்ன பின் ஒன்று வாங்கி வந்தார். போட்டால் ஒரு காதில் மட்டும் மாஸ்டர் பேசினார், மறு காது ஊமை. ரேடியோ மெக்கானிக் பின்னைப் பிரித்துப் பார்த்து, "உங்க டேப்பு ஒத்தைச் சத்தம் தார டேப்பு, இது ரெட்டைச் சத்தத்துக்குச் செஞ்ச ஹெட்போனு" என்று சொல்லி, வயரை மாற்றிப் பற்றவைத்துத் தர ஒரு வாரம் எடுத்துக்கொண்டார். பரீட்சை பக்கத்தில் வந்துகொண்டிருந்தது. அந்த வாரம் யார் என்னிடம் பேசினாலும் வெடுக்கென்றுதான் பதில் சொன்னேன்.

எல்லாம் சரியான பிறகுதான் உண்மையான கஷ்டம் ஆரம்பமானது. நான் போட்டிருந்தது ஏழுகல் தோடு, பின்னால் திருகாணி. அந்தக் கனத்த மெத்தை தோட்டை அழுத்தும், திருகாணி காதுக்குப் பின்னால் எலும்பில் குத்தும். கால் மணி நேரத்தில் காது சிவந்து எரியும். எண்ணெய் வைத்த தலையில் மேல்பட்டை நிற்காமல் வழுக்கும், பின்னால் தள்ளினால் கொண்டை தடுக்கும், கொண்டையை இறக்கினால் பூ நசுங்கும். இதைச் செய்தவர்கள் ஒரு பெண்ணின் தலையையாவது முன்னால் வைத்துப் பார்த்துச் செய்திருக்கலாம். கைக்குட்டையை மடித்து வைத்தேன், பஞ்சு வைத்தேன், விளக்கெண்ணெய் தடவினேன். வேர்வையில் எல்லாம் நழுவியதுதான் மிச்சம்.

"தோட்டைக் கழட்டி வச்சிட்டுக் கேளு, முடிஞ்சு போச்சு" என்றார் இவர்.

"கல்யாணமான பொம்பளை வெறுங்காதோட உக்காந்திருப்பாளாலே?" என்றார் அத்தை. இருவரும் அரை மணி நேரம் இதைப் பற்றியே பேசினார்கள், என் காதைப் பற்றி என்னை யாரும் கேட்கவில்லை. பிறகு அத்தையே கொல்லைக்குப் போய் வேப்பிலை ஈர்க்கை இரண்டு துண்டாக ஒடித்து வந்து, தோட்டைக் கழற்றிவிட்டு அந்த ஓட்டையில் செருகினார். "இப்ப வெறுங்காது இல்லை. எம்புட்டு நேரம் வேணும்னாலும் கேளு" என்றார். அதைச் சொல்ல வேண்டும், என் பிரச்சினையை உருப்படியாகத் தீர்த்தவர் அவர் ஒருவர்தான். மெத்தை காதோடு பதிந்து உட்கார்ந்தது. மேல்பட்டைக்கு அடியில் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டேன், பூவைப் படிக்கும் நேரத்தில் வைப்பதில்லை.

ஆனால் காதில் வேப்பங்குச்சியோடு நான் வாசலில் தண்ணீர் பிடித்ததை எதிர்வீட்டு அம்மாள் பார்த்துவிட்டார். மருமகளின் தோடு அடகுக்குப் போய்விட்டது என்று இரண்டே நாளில் தெரு முழுக்கச் செய்தி. மில்லில் ஒருவர் என் வீட்டுக்காரரைத் தனியாகக் கூப்பிட்டு, "கஷ்டம்னா எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்லா" என்று கேட்டாராம். இவர் வீட்டுக்கு வந்து என்னிடம் கோபப்பட்டார். நான் அதற்குள் ஹெட்போனை மாட்டிவிட்டதால் அவர் சொன்னதில் பாதி எனக்குக் கேட்கவில்லை.

இரண்டு மாதம் அப்படிப் படித்தேன். முன்னறையில் ரேடியோ அலறட்டும், அத்தை கூப்பிடட்டும், எனக்கும் மாஸ்டருக்கும் நடுவில் ஒரு ஈ நுழையாது. பாடம் முழுவதையும் பிசகில்லாமல் எழுதினேன். பாஸ் பண்ணிவிடுவேன் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பரீட்சை ராஜபாளையத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்தது. நீளமான அறை, கடகடவென்று ஆடும் மின்விசிறிகள், நாற்பது பேர். முன்னால் ஒருவர் நின்று வாசித்தார். முதல் வரியிலேயே எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. அவர் எங்கோ தூரத்தில் நின்று பேசினார். பக்கத்துப் பெண்ணின் வளையல் கேட்டது, பெஞ்சு கிறீச்சிட்டது, நாற்பது பென்சில் உரசுவது கேட்டது, அவர் குரல் மட்டும் எட்டவில்லை. மல்லுக்கட்டிப் பாதி வரை போனேன். அப்போது மில் சங்கு ஊதியது. என் பென்சில் நின்றுவிட்டது. சங்கு ஓய்ந்து நான் தலையைத் தூக்கியபோது வாசிப்பவர் பாடத்தில் எங்கேயோ போயிருந்தார்.

அமைதியில் எழுதிப் பழகிவிட்டு, பரீட்சைக்குச் சத்தத்துக்குள் போயிருக்கிறேன். இது எனக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும். மாஸ்டராவது சொல்லியிருக்கலாம். இரண்டு ஞாயிற்றுக்கிழமை, ஒரு பின், ஒரு மெக்கானிக், தெரு முழுக்கக் கெட்ட பேர், எல்லாம் இந்தத் தோல்விக்குத்தானா என்று பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதேன்.

வீட்டுக்குள் நுழைந்தால் ரேடியோச் சத்தம் இல்லை. என் அறைக்குள் மாமனார் உட்கார்ந்திருந்தார். மடியில் டேப், தலையில் என் ஹெட்போன். குமிழைக் கடைசி வரை திருகியிருந்தார். எனக்கு வந்த கோபத்தில் அடக்கம் ஒடுக்கம் எல்லாம் பறந்துவிட்டது. நேரே போய் ஒரு பக்கத்து மெத்தையைத் தூக்கி, "மாமா, இது என்னோடது" என்று கத்தினேன்.

அவர் திடுக்கிடவில்லை. "தெனம் மண்டையில மாட்டிக்கிட்டு இந்தப் பிள்ளை என்னத்தைத்தான் கேக்குதுன்னு பாத்தேன் தாயி" என்றார். "ஒருத்தன் மூச்சு விடாம வாசிக்கான். நீ இம்புட்டையுமா எழுதுத?"

நான் மெத்தையைப் பிடித்தபடியே தலையாட்டினேன்.

"ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாக் கேக்குது. நான் என்ன நெனச்சேன்னா, இந்த வீட்டுல எல்லாரும் வாய்க்குள்ளயே பேசுதீயன்னு நெனச்சேன்." குமிழைக் குறைத்துவிட்டுச் சொன்னார். "நீ வந்து ஒன்றரை வருசமாச்சு. இன்னைக்குத்தான் எங்கிட்டப் பேசியிருக்க. என் மேல ஏதோ மனத்தாங்கல்னு இருந்தேன்."

பீரங்கிப் பக்கத்தில் நின்று மந்தமாகிப்போன காது என்பது அந்த வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அவருக்கே தோன்றவில்லை. நானும் ஒன்றரை வருஷமாகக் கதவோரம் நின்று மரியாதையாக, கேட்காத குரலில் சொல்லிவிட்டு, அவர் மேல் கோபப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். யார் மேல் எரிச்சல்படுவது என்றே தெரியாமல் அங்கேயே தரையில் உட்கார்ந்து, பரீட்சையில் நடந்ததை, சங்கு ஊதியது வரைக்கும் அவரிடம் உரக்கச் சொன்னேன். முழுவதையும் கேட்டுக்கொண்டார்.

ஹெட்போன் அத்தோடு அவருடையதாகிவிட்டது. டேப்பில் இருந்த ரேடியோவையே கேட்கத் தொடங்கினார், வீடு அமைதியானது. எனக்கோ இப்போது சத்தம் வேண்டும். "மாமா, செத்த நேரம் பழைய ரேடியோவைச் சத்தமா வைங்க, நான் எழுதிப் பழகணும்" என்று நானே போய்க் கேட்டேன். "போ தாயி, இப்பத்தான் நிம்மதியாக் கேக்கேன்" என்று மறுத்துவிட்டார். அத்தை கூப்பிட்டாலும் திரும்புவதில்லை. கேட்டும் கேட்காதது போல் இருக்கிறார் என்று அத்தை புலம்பினார். நான் இன்ஸ்டிட்யூட்டில் பத்து டைப்ரைட்டர்கள் தடதடக்கும் நேரமாகப் பார்த்துப் போய், வாசல் பக்கம் உட்கார்ந்து, மாஸ்டரை மூலையில் நின்று வாசிக்கச் சொல்லி எழுதினேன்.

அடுத்த பரீட்சைக்கு அதே பள்ளிக்கூடம். கிளம்பும்போது பழக்கதோஷத்தில் கதவோரம் நின்று சன்னமாகச் சொல்லிவிட்டேன். என் மேலேயே எரிச்சலாக வந்தது. உள்ளே போய், ஒரு பக்கத்து மெத்தையைத் தூக்கி, "மாமா, பரீட்சைக்குப் போயிட்டு வாரேன்" என்று உரக்கச் சொன்னேன்.

"போயிட்டு வா தாயி" என்றார். "சங்கு ஊதுனா பென்சிலை நிறுத்திராத."

அன்றைக்கும் பாதியில் சங்கு ஊதியது. நான் நிறுத்தவில்லை.