கல்பாலத்து ஜீப்காரர்

பழைய பாலங்களைத் தேடிப் போய்ப் பார்ப்பது என் வழக்கம். புதூர்நாட்டுக்கு அப்பால் கானாற்றின் மேல் ஒரு கல்பாலம் இருப்பதாகக் கேள்விப்பட்டு ஜீப் பிடித்தேன். ஓட்டுநருக்கு ஐம்பது வயதிருக்கும். நரைத்த மீசை, தோளில் ஈரத்துண்டு. மலை வளைவுகளில்கூட வேகமாகவே ஓட்டினார். பாலம் வந்ததும் வண்டியை நிறுத்தி, செருப்பைக் கழற்றி இருக்கைக்கு அடியில் தள்ளிவிட்டு, வெறுங்காலோடு மெல்ல ஓட்டத் தொடங்கினார்.

“பக்கத்துல கோயில் இருக்குதுங்களா?” என்றேன்.

“கோயிலெல்லாம் இல்லீங்க. எம் பொண்ணு இங்கதான் பொறந்துது.”

பிரசவ வலியில் துடித்த மனைவியை அவர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போன அன்று பெருமழை. ஜீப் பாலத்தில் ஏறியதும் முன்னும் பின்னும் சாலையை வெள்ளம் அறுத்துவிட்டது. கூட வந்த பக்கத்து வீட்டு அம்மாள்தான் வண்டிக்குள்ளேயே பிரசவம் பார்த்தாராம்.

“கீழ தண்ணி பாறைய உருட்டினு போவுது. பாலம் கொஞ்சங்கூட ஆடலீங்க. கொழந்த அழுதுச்சு பாருங்க, எறங்கி இந்தக் கல்லத் தொட்டுக் கும்புட்டேன்.”

“இத யாரு கட்டினாங்கன்னு தெரியுங்களா?”

“மரம் எறக்க வெள்ளக்காரன் கட்னான்னு சொல்றாங்க. அவன் இன்னாத்துக்குக் கட்னானோ! எனக்கு அந்த ஒரு நாளுக்காவக் கட்ன மாதிரிதாங்க.”

மகள் இப்போது திருப்பத்தூரில் பி.காம். படிக்கிறாளாம். “யாருகிட்டயும் சொல்லாதப்பான்னு கோச்சிக்கும்” என்று சிரித்தார்.

அந்தப் பெண் என்னையும் பொறுத்துக்கொள்ள வேண்டும். அந்தப் பாலத்தின் வரலாற்றில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது இது ஒன்றுதான்.