சுண்ணாம்புக்கு அடியில் ஒரு கோடு

மகள் இப்போது என் பழைய வேலையைத்தான் பார்க்கிறாள். மழையில் நனையாமல் பார்க்கிறாள், அவ்வளவுதான் வித்தியாசம். போன வாரம் கம்ப்யூட்டர் திரையில் பெரியாற்றைத் திரும்பத் திரும்பப் பெருக வைத்துக் காட்டினாள். வண்டிப்பெரியார்ப் பக்கம் நீலம் பரவியதும் எனக்கு ஈரச் சுண்ணாம்பு வாடை அடித்தது. எழுந்து பால்கனிக்குப் போனேன், திரும்பி வந்தேன், மறுபடி போனேன். மழைக்காலத்தில் எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. வீட்டில் பழகிவிட்டார்கள்.

எழுபதுகளில் இன்சூரன்ஸ் கம்பெனியில் சேர்ந்த புதிது. ஒரே வெள்ளத்தில் பல எஸ்டேட்டுகள் போனால் எங்கள் கம்பெனி தாங்காது. அந்தச் சுமையில் பங்கெடுக்க வெளிநாட்டில் ஒரு பெரிய கம்பெனி இருந்தது. ஆற்றோரக் கட்டடங்களில் தண்ணீர் எதுவரை ஏறும் என்று அவர்களுக்கு வரைபடம் அனுப்ப வேண்டும். கருவி என்ன தெரியுமா? ஒரு டேப், தண்ணீர் ஏறும் இடத்தைத் தீட்ட ஒரு நீலப் பென்சில். இதற்குத் தேடிப்பிடித்து அனுப்பிய ஆளோ மீனாட்சிபுரத்துக்காரன். எங்கள் ஊர் வாய்க்காலில் முழங்கால் தண்ணீர் வந்தாலே வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடும்.

வண்டிப்பெரியார்ப் பக்கம் தேயிலைப் பெட்டிகள் அடுக்கியிருந்த ஓர் ஆற்றோரக் குடோனுக்குப் போனேன். அதை ஒட்டிய அறையில்தான் காவலாளி சுடலைமுத்து குடியிருந்தார். வெள்ளம் வடிந்ததும், தண்ணீர் நின்ற உயரத்தில் சுவரில் கரிக்கோடு இழுத்து வைப்பது அந்தப் பக்கத்துக் காவலாளிகளின் வழக்கம். அதை அளக்கத்தான் நான் போனது. சுவர் பளிச்சென்று வெள்ளையாக இருந்தது.

“ஆபீசர் வாறீகன்னு நேத்துத்தான்யா சுண்ணாம்பு அடிச்சேன்,” என்றார் பெருமையாக.

“ஏனுங்க, கோடு எந்த எடத்துல இருந்துச்சுங்க?”

சுவரைத் தடவிப் பார்த்தார். முகம் சுருங்கியது. பிறகு தன் நெஞ்சில் கையை வைத்தார். “இம்புட்டு இருக்கும்யா. எழுதிக்கிடுங்க. நீங்க எழுதுனாத்தான் குடோனை மேட்டுக்கு மாத்துவாக. நானும் மேல போயிருவேன்.”

கண்ணால் கண்ட அடையாளத்தை மட்டும் எழுது, வாய்ச்சொல்லை எழுதாதே என்பது மேலிடத்து உத்தரவு. நானோ பயந்தாங்கொள்ளி. சுண்ணாம்பைச் சுரண்டிப் பார்த்திருக்கலாம். எனக்காக ஆசையாக அடித்ததைச் சுரண்ட மனம் வரவில்லை. குமுளி பஸ்ஸும் வந்துவிட்டது. வரைபடத்தில் அந்த இடத்துக்கு நீலம் தீட்டாமல் அனுப்பினேன்.

அடுத்த பருவமழையில் குடோன் மூழ்கியது. நஷ்டக் கோரிக்கை என் மேஜைக்கே வந்தது. சாட்சிக் கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் எஸ்டேட் குமாஸ்தா எழுதியிருந்தார்: காவலாளி வெள்ளத்தில் போய்விட்டதால் கையெழுத்து இல்லை. அந்தத் தாளை மறுபடி மறுபடி படித்தேன். அன்றைக்கு என்மேல் வந்த வெறுப்பு இன்னும் முழுதாகப் போகவில்லை.

இப்போது அந்தக் குடோன் இல்லை. அறை இல்லை. கரிக்கட்டையால் கோடு இழுக்கிறவர்களும் இல்லை.

“இந்த எடத்துக்குப் பழைய அளவு ஒண்ணுமே கெடைக்கலப்பா,” என்றாள் மகள், திரையில் அந்தக் குடோன் இருந்த கரையைத் தொட்டு.

என் நெஞ்சில் கையை வைத்தேன். சுடலைமுத்து என்னைவிடக் கொஞ்சம் குட்டை. கையைச் சற்றுக் கீழே இறக்கினேன்.

“இவ்வளவு,” என்றேன். “எழுதிக்கம்மா.”